கரும்பில் விழுந்த பிளேன் சீட்டு

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு ஆடி மாதம் நடந்தது இது. பாகூரில் நானும் என் நாத்தனாரும் சேர்ந்து நடத்துகிற தையல் கடையில் பாதி, என் வீட்டுக்காரர் பயிர் வைத்திருந்த கரும்பில் பாதி. இப்போது சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு என்னவோ பூமி பிளந்தால் உள்ளே இறங்கிவிடலாம் போலத்தான் இருந்தது.

முதலில் எங்கள் இரண்டு பேரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் ஆகி வந்தபோது எனக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. என் வீட்டுக்காரரின் தங்கை என்னைவிட ஆறு வயது சின்னவள். அப்போதே மிஷின் மிதித்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலை எப்படிப் பிடிப்பது என்பதில் ஆரம்பித்து எல்லாம் எனக்கு அவள் சொல்லிக்கொடுத்ததுதான். பிறகு அவளுக்கும் கல்யாணமாகி அடுத்த தெருவுக்கே போனாள். அவள் வீட்டுக்காரர் திருபுவனையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவார். சும்மா உட்கார்ந்து என்ன செய்வது என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரு அறையைப் பிடித்து, ஆளுக்கொரு மிஷின் போட்டு உட்கார்ந்தோம். அப்படியே பதினோரு வருடம் ஓடிவிட்டது.

கடைக்குப் பெயர் கிடையாது. 'லேடீஸ் டைலர்' என்று ஒரு அட்டை தொங்கும், அதுவும் வெயிலில் வெளுத்து 'டீஸ் டைல' என்று ஆகிவிட்டது. ஆனால் என் நாத்தனார் நாள் முழுக்க, "அண்ணி, கொக்கி டப்பா எங்க? அண்ணி, இந்தக் கழுத்து எவ்ளோ? அண்ணி, டீ சொல்லட்டுமா?" என்று கத்துவாள். கேட்டுக் கேட்டு ஊரே என்னை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. என்னைவிடப் பெரியவர்களுக்கும் நான் அண்ணிதான். கடலூர் பஸ் கண்டக்டர்கூட, "அண்ணி, படியில நிக்காத, உள்ள போ" என்பார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நான் சொல்லாவிட்டாலும் யாராவது சொல்லிவிடுவார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் சித்திரையில் எங்கோ ஒரு தேசத்தில் விமானம் ஒன்று விழுந்தது. டிவியில் காட்டினார்கள், நானும் ஐயோ பாவம் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். மிஷின் பக்கத்தில் செல்லை நிறுத்தி வைத்து வீடியோ பார்த்துக்கொண்டே தைப்பது என் பழக்கம். அதில் ஒரு ஆள் வந்தார். விழுந்த இடத்தின் படத்தைப் போட்டு, அங்கங்கே சிவப்பு வட்டம் வரைந்து, "இவ்வளவு பெரிய விமானம் விழுந்தது என்கிறார்களே, சீட்டுகள் எங்கே? ஒரு சீட்டாவது உங்கள் கண்ணில் படுகிறதா?" என்று கேட்டார். நான் உற்று உற்றுப் பார்த்தேன். ஒரு சீட்டும் இல்லை. எனக்கு அப்படியே புல்லரித்துவிட்டது. அவ்வளவுதான், விமானம் விழவே இல்லை, எங்கேயோ இறக்கி ஒளித்து வைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அன்றிலிருந்து கடைக்கு யார் வந்தாலும் இதே கேள்விதான். "அளவு ஜாக்கெட் கொண்டாந்தியா? வை. சரி, அந்தப் பிளேன் சீட்டெல்லாம் எங்க போச்சு, சொல்லு பாக்கலாம்." வந்தவர்கள் முழிப்பார்கள். முழிப்பதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருக்கும்.

என் நாத்தனார் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டாள். "எரிஞ்சி பூட்டிருக்கும் அண்ணி. சீட்டுல பஞ்சுதான இருக்குது," என்பாள்.

"பஞ்சு எரியும். கம்பி எரியுமா?"

"பிளேன இரும்புலயா செய்வாங்க? அலுமினியம் அண்ணி. அவரு சொன்னாரு."

"ஒங்க வூட்டுக்காரரு இன்னா, பிளேன் ஓட்டிக்கினு இருந்தவரா?"

இப்படியே தினமும் நடக்கும். ஒருநாள் அவள் மிஷினை நிறுத்திவிட்டு, "அந்த சீட்டுல ஒக்காந்துக்கினு போனவங்க வூட்டுல இதெல்லாம் பாத்தா இன்னா நெனைப்பாங்க அண்ணி?" என்று கேட்டாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் ஆகிவிட்டது என்று காட்டிக்கொள்வேனா? பேச்சை மாற்றிவிட்டேன்.

ஆடி பிறந்த வாரம். கூழ் ஊற்றுகிற திருவிழாவுக்குப் போட என்று ஒரு அம்மா கொடுத்திருந்த ஜாக்கெட்டை நான் தைத்து வைத்திருந்தேன். அந்த அம்மா கடையிலேயே போட்டுப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணி, கை இப்பிடி இழுக்குது?" என்றார். என் நாத்தனார் வாங்கிப் பார்த்தாள். பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டி வைத்துத் தைத்திருக்கிறேன்.

"அண்ணி, பிளேன் சீட்ட அப்பறம் தேடலாம். மொதல்ல இந்தம்மா சோத்துக் கை எங்கன்னு தேடுங்க," என்றாள்.

வேறு நாளாக இருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். ஆனால் அந்த அம்மா சிரித்தார், வாசலில் நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! "அவ்ளோ அறிவு இருக்கறவ தனியா கடை போட்டுக்க வேண்டிதானே? ஒன்ன யாரு புடிச்சி வெச்சிருக்கா?" என்று கத்திவிட்டேன்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த ஜாக்கெட்டின் கையைப் பிரித்து, புதிதாக வெட்டி, தைத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாளும் வந்தாள். வந்தாள், தைத்தாள், போனாள். என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. பதினோரு வருடமாக நாளுக்கு நூறு தடவை அண்ணி, அண்ணி என்று கேட்ட கடையில் இப்போது மிஷின் சத்தம் மட்டும்தான். சண்டையைப் போட்டவள் நான், பிறகு என்ன வீம்பு என்கிறீர்களா? எனக்கே தெரியவில்லை. "பாப்பா, நான் ஏதோ கோவத்துல சொல்லிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வரும், பிறகு உள்ளே போய்விடும்.

இதில் இன்னொன்றும் சேர்ந்தது. ஒருநாள் நான் சாப்பிட்டுவிட்டு வரும்போது அவள் ஸ்டூல் போட்டு ஏறி, கடைக்கு முன்னால் இறக்கியிருக்கும் சார்ப்பை இன்ச் டேப்பால் அளந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் டேப்பைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கடைக் காலண்டரில் ஆவணி ஒன்றாம் தேதியில் பேனாவால் சின்னதாக ஒரு புள்ளி இருக்கிறது. அப்புறம் ஒரு வாடிக்கைக்காரப் பெண் வந்து, "ஒங்க நாத்தனா கரையாம்புத்தூர் ரோட்டுல போர்டு எழுதறவரு கொட்டாயில நின்னுக்கினு இருந்தாங்களே, தனியா கடை போடறாங்களா அண்ணி?" என்று கேட்டாள்.



வீடியோ பார்த்துப் பார்த்து எனக்கும் ஆதாரம் சேர்க்கிற புத்தி வந்திருந்தது. சார்ப்பை அளந்தது ஒரு ஆதாரம், காலண்டர் புள்ளி ஒரு ஆதாரம், போர்டு எழுதுகிறவர் ஒரு ஆதாரம். மூன்றையும் மனசுக்குள் சிவப்பு வட்டம் போட்டுக்கொண்டேன். ஆடியில் யாரும் புதுசாக எதையும் ஆரம்பிக்க மாட்டார்கள், அதனால் ஆவணி ஒன்றாம் தேதி அவள் தனிக்கடை திறக்கப்போகிறாள். சரி, அதற்கு எங்கள் சார்ப்பை எதற்கு அளக்க வேண்டும்? அதற்கும் பதில் கண்டுபிடித்தேன். எங்கள் கடையைவிடப் பெரிய போர்டாக வைக்கத்தான்! இப்படி ஒரு பதிலைக் கண்டுபிடித்துவிட்டு, ராத்திரி தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அவள் போய்விட்டால் அந்தக் கடையில் நான் யாரோடு உட்காருவேன்? பணம், வாடிக்கை எதுவும் எனக்கு நினைவில் இல்லை. அவள் போகக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் "போட்டுக்கோ" என்று சொன்ன வாயால் "போகாதே" என்று சொல்ல வரவில்லை.

பேசாமல் இருந்து பத்தொன்பதாவது நாள். முதல்நாளிலிருந்தே ஆடிக் காற்று பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் கரும்பில் சோகை உரிக்க இரண்டு பெண்கள் போயிருந்தார்கள். கரும்பின் அடியில் காய்ந்து கிடக்கும் தோகையைக் கழிக்கிற வேலை. மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டி, அவர்களில் ஒருத்தியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணி, ஒங்க கரும்புல பிளேன் சீட்டு ஒண்ணு வந்து வுழுந்து கெடக்குது."

என் கால் மிஷின் மிதியிலேயே நின்றுவிட்டது. "இன்னா சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு."

"பிளேன் சீட்டு அண்ணி! காத்துல பறந்து வந்து வுழுந்திருக்குது."

"சீட்டு மட்டுமா? வேற எதுனா வுழுந்திருக்குதா?"

"சீட்டு மட்டுந்தான். ஒண்ணே ஒண்ணு."

"ஆளுங்க யாருனா இருக்காங்களா?"

"நாங்க ரெண்டு பேரு இருக்கறோம்."

"உயிரோடவா?"

 "இன்னா அண்ணி இப்பிடிக் கேட்டுட்ட? இப்பதாங் கூழு குடிச்சிட்டு எழுந்தோம்," என்றாள்.

"அதக் கை வெச்சித் தொடாதீங்க! எவிடன்ஸு! நான் வரேன்," என்று போனை வைத்தேன்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.  உலகமே தேடுகிற சீட்டு எங்கள் கரும்பில் வந்து விழுந்திருக்கிறது. உடனே சொந்தக்காரர்கள் குரூப்பிலும் மகளிர் குழு குரூப்பிலும், "நம்ம பாகூர் கரும்புல பிளேன் சீட்டு வுழுந்திருக்குது, எல்லாரும் வாங்க" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டேன். பிறகு என் நாத்தனாரைப் பார்க்காமல், எதிரே இருந்த சுவரைப் பார்த்துச் சொன்னேன். "சில பேரு சொன்னாங்க, எரிஞ்சி போச்சு, எரிஞ்சி போச்சுன்னு. எங்க கரும்புலயே வந்து ஒக்காந்திருக்குது, வேணும்னா வந்து பாக்கலாம்."

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.  நான் கழுத்தில் கிடந்த இன்ச் டேப்பைக்கூட எடுக்காமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. சோகை உரித்த பக்கமாகக் குனிந்து உள்ளே போனேன். அந்தப் பெண் முன்னால் நடந்து வழி காட்டினாள்.

"எங்க சீட்டு?"

"இதோ."

"எங்கடி?"

"கண்ணு முன்னாலதான கெடக்குது. இதோ, இது."

பார்த்தேன். நாலைந்து கரும்பை மடக்கிக்கொண்டு, வெள்ளையாகப் பளபள என்று ஒரு தகரம் கிடந்தது. நீளம் ஐந்தடி இருக்கும், அகலம் மூன்றடி.

"இது தகரம்."

"ஆமா, பிளேன் சீட்டு. நெளி சீட்டு இல்ல அண்ணி, பிளேன் சீட்டு. எங்க வூட்டு மேல நெளி சீட்டு, ஆட்டுக் கொட்டாய் மேல பிளேன் சீட்டு. யாரும் கேக்கலன்னா நான் எடுத்துக்கினு போவட்டுமான்னு கேக்கத்தான் போன் பண்ணேன். நீ என்னமோ உயிரோட இருக்கியான்னு கேக்கற!"

அங்கேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கூரையில் போடுகிற தகர சீட்டுக்கும் சீட்டு, உட்காருகிற சீட்டுக்கும் சீட்டு. பிளேன் என்றால் அவளுக்கு நெளிவில்லாதது, எனக்கு மட்டும் ஆகாயத்தில் பறப்பது. ஏன், இத்தனை வருடமாக என் வீட்டு மாட்டுக் கொட்டாய் மேலேயும் பிளேன் சீட்டுதானே கிடக்கிறது! நான் சிரித்துவிட்டு, "அடச்சீ, எடுத்துக்கினு போ" என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, பத்து. நான் போட்ட வாய்ஸ் மெசேஜ் எங்கெங்கே போனதோ, அரை மணி நேரத்தில் நாற்பது பேர் வந்துவிட்டார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி, சோற்றுக் கையைக் கழுவாமல் ஒருத்தர். எல்லார் கையிலும் செல். இத்தனை பேரிடம் போய், எனக்குக் காது சரியில்லை என்று எப்படிச் சொல்வது?

"சீட்டுன்னியே அண்ணி, ஒக்கார்ற மாதிரி இல்லியே?" என்று முதலில் வந்தவர் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். என்ன சொன்னேன் தெரியுமா? "இது சீட்டோட முதுகுப் பக்கத் தகரம்பா. பஞ்செல்லாம் எரிஞ்சி போச்சு."

மூன்று மாதமாக எந்தப் பேச்சை எதிர்த்து மல்லுக்கட்டினேனோ, அதே பேச்சு என் வாயிலிருந்தே வந்தது. என் நாத்தனார் அங்கே இல்லையே என்று நிம்மதியாக இருந்தது.

அப்புறம் ஆளுக்கொன்று சொல்ல ஆரம்பித்தார்கள். "இது ரெக்கப்பா," என்றார் ஒருத்தர். "லாஸ்பேட்டையில எறங்கற பிளேனுதான் எதையோ கழட்டி வுட்டுட்டுப் போயிருக்குது," என்றார் இன்னொருத்தர். மூலைக்கு ஒன்றாக நாலு ஓட்டை இருந்தது. அந்த ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆணி அடிச்சது இல்ல, மிஷின்ல போட்ட ஓட்ட," என்றார் மூன்றாவது ஆள். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். யாராவது தூக்கிப் பார்க்கக் கையை நீட்டினால் மட்டும், "தொடாதே, எவிடன்ஸு!" என்று சத்தம் போட்டேன். நடுவில் என் வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, "எவன்டா அது, கரும்ப மிதிக்கறது? பிளேனாவது மண்ணாவது, வெளிய போங்கடா!" என்று கூச்சல் போட்டார். ஒருத்தரும் அசையவில்லை.

அந்தக் கூட்டத்தைப் பிரித்துக்கொண்டு என் நாத்தனார் வந்தாள்.

வந்து தகரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அண்ணி," என்றாள்.

பத்தொன்பது நாள் கழித்து! சமாதானம் பேச வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் சொன்னதோ வேறு.

"அண்ணி, பிளேன் அலுமினியம். காந்தம் ஒட்டாது. இது ஒட்டுதா பாக்கலாமா?"

கடையில் தரையில் சிந்துகிற குண்டூசி, உடைந்த ஊசி எல்லாம் பொறுக்க ஒரு காந்தத்தை வைத்திருப்போம். அதைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள், கில்லாடி!  குனிந்து தகரத்தின் ஓரத்தில் வைத்தாள். டக் என்று ஒட்டிக்கொண்டது. கையை எடுத்தாள், காந்தம் விழவில்லை.

"போச்சுடா!" என்று யாரோ சொல்ல, நாற்பது பேரும் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

ஆனால் அவள் சிரிக்கவில்லை. குனிந்தவள் குனிந்தபடியே அந்தத் தகரத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஊதா பெயின்ட் ஒரு சொட்டு வழிந்து காய்ந்திருந்தது. அவள் முகம் மாறிவிட்டது. எழுந்து அவசர அவசரமாக, "சரி, போதும் அண்ணி. கூட்டத்த அனுப்புங்க. அண்ணன் இத அப்பறமா எடுத்தாந்து குடுக்கட்டும். யாரும் இதத் திருப்பாதீங்க," என்றாள்.

திருப்பாதீங்களாமே! தோற்றுப்போய் நின்றவளுக்கு இது போதாதா? வீடியோவில் அந்த ஆள் இதைத்தானே சொல்வார், எதைக் காட்ட மாட்டேன் என்கிறார்களோ அதில்தான் விஷயம் இருக்கிறது என்று. "ஏன்? ஏன் திருப்பக் கூடாது? பாத்துக்குங்கப்பா எல்லாரும், எவிடன்ஸ மறைக்கறா!" என்று கத்திக்கொண்டு, இரண்டு கையாலும் தகரத்தைப் பிடித்துத் தூக்கினேன். காற்று அடித்த வேகத்தில் அதுவே எழுந்து என் முன்னால் திரும்பி நின்றது.

மண் அப்பியிருந்தது. அதற்குப் பின்னால் மஞ்சளில் ஊதா எழுத்து. ஒரு மூலையில் தையல் மிஷின் படம். நான் படிப்பதற்குள் எனக்குப் பின்னால் நின்ற பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிப்பது போல ராகம் போட்டுப் படித்துவிட்டார்கள்.

"அண்ணி டைலர்ஸ்!"

அதற்குக் கீழே, ஜாக்கெட், சுடிதார், பாவாடை சிறந்த முறையில் தைத்துத் தரப்படும் என்று இருந்தது. இரண்டு செல் நம்பர். முதலில் என்னுடையது.

 அந்த நேரம் பார்த்து ரோட்டில் மொபெட்டைப் போட்டுவிட்டு ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். போர்டு எழுதுகிறவர். "என் போர்டு! காலையிலேர்ந்து தேடிக்கினு இருக்கறேன். காய வெச்சிருந்தேம்பா, காத்து தூக்கிக்கினு வந்துட்டுது," என்றவர் என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு என் நாத்தனாரிடம், "மன்னிச்சிடும்மா. ஆவணி ஒண்ணாந்தேதி வரைக்கும் அண்ணி கண்ணுல படக் கூடாதுன்னு அவ்ளோ சொன்ன," என்றார்.

நான் அவளைப் பார்த்தேன். "நீ தனியாக் கடை போடறன்னு..."

"யாரு சொன்னது?"

"நாந்தான் பாத்தனே! சார்ப்ப அளந்தியே?"

"நம்ம சார்ப்புல மாட்டறதுக்கு நம்ம சார்ப்பதான அண்ணி அளக்கணும்? பக்கத்துக் கடை சார்ப்பையா அளப்பாங்க?"

கூட்டம் மறுபடியும் கொல்லென்று சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் முகம் எவ்வளவு கண்றாவியாக இருக்கும் என்று யாரோ எடுத்த வீடியோவில் பிறகு பார்த்தேன்.

"நான் அப்பிடிப் பேசனதுக்கு அப்பறமுமா குடுத்த இத?"

"அதுக்கு அப்பறந்தான் குடுத்தேன். தனியா போடுன்னு நீங்க சொன்னா, நான் போயிடுவனா? இனிமே அப்பிடிச் சொல்ல முடியாத மாதிரி எழுதி மாட்டிடலாம்னு பாத்தேன்."

நான் போர்டை மேலிருந்து கீழ் வரை இன்னொரு தடவை பார்த்தேன். எனக்குத் தையலே கற்றுக்கொடுத்தது அவள். அவள் பெயர் எங்கேயும் இல்லை. "ஒன் பேரு எங்க பாப்பா?" என்று கேட்டேன்.

"அதான் இருக்குதே. அண்ணின்னு எழுதியிருந்தா, அப்பிடிக் கூப்பிடறவ ஒருத்தி உள்ள இருக்கறான்னு தான அர்த்தம்?" என்றாள்.

பத்தொன்பது நாளாகத் தொண்டையில் நின்ற வார்த்தை அப்போது தானாக வந்தது. "போவாத பாப்பா, தெரியாம சொல்லிட்டேன்," என்று நாற்பது பேருக்கு முன்னால் சொல்லிவிட்டேன். "எங்க போவறது? இன்னும் ஒம்போது ஜாக்கெட்டு பாக்கி இருக்குது," என்று அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடியும் சிரித்தாள். போர்டு எழுதுகிறவர் போர்டைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வெளியே நடக்க, கூட்டம் சாமி ஊர்வலத்துக்குப் போவது போல் பின்னாலேயே போயிற்று. என் வீட்டுக்காரர் மட்டும் மடங்கின கரும்புகளை நிமிர்த்திக்கொண்டே, "அண்ணியும் நாத்தனாவும் சேந்து என் கரும்பக் காலி பண்ணிட்டீங்க," என்று புலம்பினார். சோகை உரிக்க வந்த பெண் கடைசி வரைக்கும் நின்று, "அப்ப அந்தப் பிளேன் சீட்டு எனக்குக் கெடையாதா?" என்று கேட்டாள். அவளுக்கும் கூட வந்தவளுக்கும் ஆளுக்கு ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தோம். கை இரண்டையும் என் நாத்தனாரே வெட்டினாள்.

விழுந்ததில் போர்டின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. வேறு எழுதித் தருகிறேன் என்று அவர் எவ்வளவோ சொன்னார், நான் விடவில்லை. ஆவணி ஒன்றாம் தேதி, நசுங்கின மூலையோடு, கற்பூரம் காட்டி மாட்டினோம். அவ்வளவு செலவு செய்து அண்ணி டைலர்ஸ் என்று எழுதியும் ஊரில் இன்று வரைக்கும் எங்கள் கடைக்குப் பெயர் 'பிளேன் கடை'தான். கண்டக்டர், "அண்ணி, பிளேனு எத்தினி மணிக்கு?" என்று கேட்காமல் எனக்கு டிக்கெட் கிழிப்பதில்லை.

அந்த விமானத்தின் சீட்டுகள் எங்கே போயின என்று எனக்கு இன்றும் தெரியாது. சிவப்பு வட்டம் போடுகிற ஆள் எப்போதாவது செல்லில் வந்தால், அந்த சீட்டுகளில் உட்கார்ந்து போனவர்களின் வீட்டை நினைத்துக்கொண்டு தள்ளிவிட்டுவிடுகிறேன்.

போர்டு முன் சார்ப்பின் விளிம்பில் ரோட்டைப் பார்த்துத் தொங்குகிறது. நான் மிஷினில் உட்கார்ந்து நிமிர்ந்தால் அதன் பின்பக்கம்தான் தெரியும், எழுத்தும் இல்லாமல் படமும் இல்லாமல் வெறும் பிளேன் சீட்டு. யாரைப் பற்றியாவது என் மனசு ஆதாரம் சேர்க்க ஆரம்பிக்கும்போதெல்லாம் அந்தத் தகரத்தைத்தான் நிமிர்ந்து பார்க்கிறேன். அதற்கு அந்தப் பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும், இந்தப் பக்கத்திலிருந்து, "அண்ணி, கொக்கி டப்பா எங்க?" என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது.